போதையின் மீது பழி சுமத்துவதற்கு முன்

“குடித்திருந்தான்; அதனால் நடந்துவிட்டது. தெளிவாக இருந்திருந்தால் அப்படிச் செய்யக்கூடியவன் அல்லன்.” கல்லூரி மாணவர் ஒருவர் ஒரு பெண்ணிடம் அத்துமீறி நடந்துகொண்டார் என்ற செய்தி எழும்போதெல்லாம் இச்சொற்களை ஏதேனும் ஒரு வாயிலிருந்து கேட்கிறோம். பெற்றோர் கூறுகின்றனர், நண்பர்கள் கூறுகின்றனர், சில வேளைகளில் பாதிக்கப்பட்ட பெண்ணின் உறவினரே கூறித் தம்மைத் தேற்றிக்கொள்கின்றனர். மருத்துவமனையில் பணியாற்றும் எங்களுக்கு மது உடலில் என்ன செய்யும் என்பது தெரியும். ஆதலால் இக்கூற்றில் ஒரு பகுதி உண்மை இருப்பதை மறுக்கமாட்டோம். எஞ்சிய பகுதி பொய் என்பதையும், அந்தப் பொய்யே நம் பிள்ளைகளுக்குப் பெருங்கேடாக முடிகிறது என்பதையும் எடுத்துரைக்கவே இதனை எழுதுகிறோம்.

நோயாளிகளும் குடும்பத்தாரும் படிக்கும் இதழில் கல்லூரி மாணவர்களைப் பற்றி ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். இவ்விதழ் காத்திருப்போர் கூடத்தில் கைமாறி வருவது. அங்கே அமர்ந்திருப்போருள் குடிநோய்ச் சிகிச்சைக்காக வந்த தந்தையர் உளர். அவர்களுக்குத் துணையிருக்கும் மனைவியர் உளர். மாலையில் விடுதியிலிருந்து உணவு வாங்கி வரும் மகன்மார் உளர். விபத்துப் பிரிவின் வாயிலில், மூக்கில் குழாயோடு கிடக்கும் மகனுக்காக இரவெல்லாம் விழித்திருக்கும் தாய்மாரும் உளர். அவர்கள் எங்களிடம் கேட்பது ஒரே கேள்விதான்: பிழைத்துவிடுவானா? அது நியாயமான கேள்வி. அவன் பிழைத்து எழுந்து வீடு சென்றபின் கேட்க வேண்டிய கேள்விகளைத்தான் யாரும் கேட்பதில்லை. அன்றிரவு அவனோடு வேறு யார் இருந்தார்கள்? அவர்கள் எல்லோரும் நலமாக வீடு சேர்ந்தார்களா? அவன் யாருக்கேனும் தீங்கு இழைத்தானா? அவனுக்கு யாரேனும் தீங்கு இழைத்தார்களா?

முதலில் அளவைப் பார்ப்போம். “ஒரு குவார்ட்டர்தானே” என்பது பெரும்பாலோர் வாயில் வரும் சொல். 180 மில்லி அளவுள்ள அந்தக் குப்பியில் இருக்கும் விஸ்கியிலோ பிராந்தியிலோ ஆல்ககால் 42.8 விழுக்காடு. கணக்கிட்டுப் பார்த்தால் தூய ஆல்ககால் ஏறத்தாழ 60 கிராம் வருகிறது. உலக சுகாதார நிறுவனம் ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ அருந்துவதை மிகைக்குடி என்றே வகுத்திருக்கிறது. அதாவது, நம் ஊரில் ‘கொஞ்சம்’ என்று கருதப்படும் அந்தச் சிறு குப்பியே உலக அளவுகோலில் மிகைக்குடியின் எல்லை. அதனை முழுமையாக வெளியேற்ற ஈரலுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். 8 விழுக்காடு ஆல்ககால் உள்ள பீர் 650 மில்லி என்றால் ஏறத்தாழ 40 கிராம். இரண்டு பீர் குடித்தவன் தான் ‘சரக்கு’ எதையும் தொடவே இல்லை என்று சொல்லிக்கொள்வான். தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதோருக்கு மது விற்கலாகாது என்பது சட்டம். இளநிலைப் பட்டம் பயிலும் மாணவருள் பெரும்பாலோர் ஒரு குப்பிகூட வாங்க உரிமையற்றவர்கள். வாங்குகிறார்கள் என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

அந்த 60 கிராம் உள்ளே சென்றதும் மூளையில் என்ன நிகழ்கிறது? கிளாட் ஸ்டீல், ராபர்ட் ஜோசப்ஸ் என்னும் அமெரிக்க உளவியலாளர் இருவர் 1990-இல் இதற்கு ஓர் அழகிய உவமை தந்தனர்: மது மனத்துக்குக் கிட்டப்பார்வையை உண்டாக்குகிறது. அருகில் இருப்பது மட்டும் பெரிதாகத் தெரியும். தொலைவில் இருப்பது மங்கிவிடும். ஆசை அருகில் இருக்கிறது. எதிரே இருப்பவளின் முகத்தில் தோன்றும் அச்சம், அவள் கையை விலக்கும் அசைவு, நாளைய விளைவு ஆகியவை தொலைவுக்குச் சென்றுவிடுகின்றன. இதுவே நாங்கள் ஒப்புக்கொள்ளும் பகுதி உண்மை.

ஆனால் கிட்டப்பார்வை உள்ளவன் புதிதாக ஒன்றையும் காண்பதில்லை. முன்பே தன் அருகில் வைத்திருந்ததைத்தான் காண்கிறான். “அவள் வேண்டாம் என்றாலும் அதற்குப் பொருள் அதுவன்று”, “இந்நேரத்தில் வெளியே வந்தவள்தானே”, “என்னோடு சிரித்துப் பேசினாளே” என்னும் எண்ணங்கள் குப்பியிலிருந்து வருவன அல்ல. பெண்களைப் பற்றிப் பகைமையும் இளக்காரமும் கொண்ட ஆடவரிடத்திலேயே மது பாலியல் வன்முறைக்கான வாய்ப்பை மிகுதியாக உயர்த்துகிறது என்பதை அமெரிக்கக் கல்லூரிகளில் இத்துறையை நெடுங்காலம் ஆராய்ந்த அன்டோனியா ஆபி போன்றோரின் பணிகள் காட்டுகின்றன. அங்கே நிகழும் பாலியல் தாக்குதல்களுள் ஏறத்தாழ பாதியில் மது சம்பந்தப்பட்டிருக்கிறது என்பதும் அவர்கள் கூறுவதே. மீதிப் பாதியில் மது இல்லை என்பதையும் உடன் நினைக்க வேண்டும்.

1975-இல் வெளியான ஒரு பழைய ஆய்வு இங்கே நினைவுக்கு வருகிறது. ஆடவர் சிலருக்கு வோட்கா கலந்த பானம் என்று சொல்லி வெறும் பானம் தரப்பட்டது. வேறு சிலருக்கு வெறும் பானம் என்று சொல்லி வோட்கா கலந்து தரப்பட்டது. பின்னர், இன்னொருவருக்கு எவ்வளவு மின்னதிர்ச்சி கொடுக்க அவர்கள் முன்வருகிறார்கள் என்று அளந்தனர். கடுமையாக நடந்துகொண்டவர்கள், உண்மையில் குடித்தவர்களைக் காட்டிலும், தாம் குடித்திருப்பதாக நம்பியவர்களே. பின்வந்த ஆய்வுகள் மதுவின் வேதிவினைக்கும் தனிப் பங்கு உண்டு என்று நிறுவியுள்ளன, அதை மறைப்பதற்கில்லை. எனினும் நம்பிக்கையின் பங்கை நாம் கருத வேண்டும். ‘குடித்தால் எதுவும் செய்யலாம், மறுநாள் மன்னிக்கப்படும்’ என்று ஒரு சமூகம் தன் இளைஞர்களுக்குக் கற்பித்து வைத்திருந்தால், குப்பியைத் திறக்கும் முன்பே அந்த அனுமதி அவர்கள் கைக்கு வந்துவிடுகிறது. நாம் பரிவோடு சொல்லும் “போதையில் செய்துவிட்டான்” என்பதே அந்த அனுமதிச் சீட்டு.

“எனக்கு ஒன்றும் நினைவில்லை” என்பது அடுத்துக் கேட்கும் சொல். அது பெரும்பாலும் பொய்யன்று. விரைவாக மிகுதியாகக் குடிப்பவரின் மூளையில் நினைவுகளைப் பதிக்கும் பகுதி சில மணி நேரம் செயலிழந்துவிடும். அந்நேரத்தில் அவர் நடப்பார், பேசுவார், வண்டியும் ஓட்டுவார். மறுநாள் ஒன்றும் நினைவிராது. பதிவு இல்லாமற்போனது உண்மை. ஆனால் செய்யும்போது அறிவு இல்லாமற்போனது என்பது அதனால் பெறப்படாது. இதே மருத்துவ உண்மை மறுபுறத்துக்கும் பொருந்தும். கண் திறந்திருக்கும், பதில் சொல்லும், நடந்து வரும் ஒரு பெண், தன்னைச் சுற்றி நிகழ்வதை உணர இயலாத நிலையில் இருக்கக்கூடும். “அவள் மயங்கிக் கிடக்கவில்லையே” என்பது ஒரு விடையாகாது.

சட்டம் இவ்விரண்டையும் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 63-ஆம் பிரிவின்படி, போதையின் காரணமாகத் தான் இசைவளிப்பது எதற்கு, அதன் விளைவு யாது என உணர இயலாத நிலையில் ஒரு பெண் தரும் இசைவு, இசைவே அன்று. அதே சட்டத்தின் 23, 24 ஆம் பிரிவுகள், தானே விரும்பிக் குடித்தவனுக்குப் போதை ஒரு தப்பும் வழியாகாதபடி அடைத்துவிடுகின்றன. தன் விருப்பத்துக்கு மாறாகவோ தன்னை அறியாமலோ போதையூட்டப்பட்டவனுக்கே அங்கே இடம் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் இவை இருந்தனவே. கூட்டாகச் செய்த வன்புணர்வுக்குக் குறைந்த அளவு தண்டனையே 20 ஆண்டு. அந்தக் கூட்டத்தின் பொது எண்ணத்தோடு உடனிருந்தவன் ஒவ்வொருவனும் அக்குற்றத்தைச் செய்தவனாகவே கருதப்படுவான். நண்பனின் அறைக்கு வெளியே காவல் நின்றவன் இதனை அறிந்திருப்பதில்லை.

இத்தனையும் அறிந்தபின் என்ன செய்வது என்பதில்தான் எங்களுக்குக் கருத்து வேறுபாடு உண்டு. வழக்கமாக நடப்பது யாது? ஆண்டுக்கொருமுறை போதை எதிர்ப்பு உறுதிமொழி, பதாகை ஏந்திய பேரணி, உயர் அலுவலர் ஒருவரின் சொற்பொழிவு, கோலப்போட்டி. மாணவர்கள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அன்று மாலை விடுதியின் மொட்டைமாடியில் வழக்கம்போல் எல்லாம் நடக்கிறது. இன்னொரு நாள், இன்னொரு அரங்கில், பெண்கள் பாதுகாப்பு பற்றி மாணவியருக்குத் தனியே ஒரு கூட்டம். பல கல்லூரிகளில் போதை எதிர்ப்பு மன்றம் ஒருவர் பொறுப்பில். பாலியல் புகார்களுக்கான உள்ளகக் குழு இன்னொருவர் பொறுப்பில். இருவரும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை. ஆனால் அந்த இளைஞனுக்கு இவை இரண்டும் ஒரே இரவில் நிகழ்பவை. இரண்டையும் ஒன்றாக, ஆடவரிடம், சிறு குழுக்களில் பேசாத எந்த முயற்சியும் பாதி முயற்சியே என்பது எங்கள் எண்ணம்.

இவ்வாறு சேர்த்துப் பேசும் முயற்சிகள் உலகில் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் லிண்ட்சி ஓர்ச்சோவ்ஸ்கி என்னும் உளவியலாளரின் குழு, மிகுதியாகக் குடிக்கும் கல்லூரி ஆண்களுக்கென்றே, குடியளவு பற்றிய தனிப்பட்ட உரையாடலையும் இசைவு, நண்பர்களின் பொறுப்பு ஆகியவை பற்றிய குழுப் பேச்சையும் இணைத்து ஒரு பயிற்சியை வடிவமைத்துச் சோதித்தது. இதன் வேர்கள் இன்னும் பழையவை. நியூயார்க் மாநிலத்தின் ஹோபார்ட் அண்ட் வில்லியம் ஸ்மித் கல்லூரிகளில் 1980-களில் வெஸ்லி பெர்கின்ஸ், ஆலன் பெர்கோவிட்ஸ் ஆகிய இருவரும் கண்டறிந்தது ஒரு வியப்பான செய்தி. மாணவர்கள் தம் தோழர்கள் குடியை எவ்வளவு ஆதரிக்கிறார்கள் என்று மதிப்பிட்டார்களோ, அது தோழர்கள் உண்மையில் ஆதரித்ததைவிட மிகுதியாக இருந்தது. ஒவ்வொருவனும் மற்ற எல்லோரும் விரும்புவதாக எண்ணிக்கொண்டு, தான் அவ்வளவாக விரும்பாத ஒன்றுக்குத் தலையசைத்துக்கொண்டிருந்தான்.

நம் விடுதிகளை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. முதலாண்டில் சிற்றூரிலிருந்து வந்து சேரும் பையன், மேலாண்டு அண்ணன்மாரின் அறையில் கோப்பை நீட்டப்படும்போது மறுக்கத் தயங்குவது மதுவின் மீதுள்ள ஆசையால் அன்று. ‘பால்வாடி’ என்று பெயர் விழுந்துவிடும் என்ற அச்சத்தால். அதே அறையில் ஒரு மாணவியின் படம் கைபேசியில் சுற்றுக்கு வந்து, அதன்மேல் இழிசொற்கள் வீசப்படும்போது அவன் சிரிப்பதும் அதே அச்சத்தால்தான். பத்துப் பேர் சிரிக்கிறார்கள். அவர்களுள் ஏழு பேர் உள்ளூரக் கூசியிருக்கலாம். அந்த ஏழு பேரும் ஒருவரையொருவர் அறியார். நடுவில் இருக்கும் ஒருவனோ, எல்லோரும் தன் பக்கம் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். வெறும் சொல்லோடு நின்றிருக்க வேண்டியவன் செயலுக்குத் துணிவது அந்தச் சிரிப்பினால்.

ஆகவே, உண்மையைக் கேட்டு அறிந்து, அதை அவர்களிடமே திருப்பிக் காட்டுவது ஒரு நல்ல மருந்து. சியாட்டிலிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆலன் மார்லட்டின் குழு 1990-களில் உருவாக்கிய முறை இதுவே. மாணவனோடு தனியே, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 50 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகள். திட்டுவதில்லை, அறிவுரை பொழிவதில்லை. எவ்வளவு குடிக்கிறாய், உன் வயதினர் உண்மையில் எவ்வளவு குடிக்கிறார்கள், குடித்த இரவுகளில் என்னென்ன நடந்தன, அவற்றுள் நீ மறக்க விரும்புவது எது என்று கேட்டு, அவன் வாயாலேயே மாற்றத்துக்கான காரணத்தை வரவழைப்பது. இதனால் குடி அடியோடு நின்றுவிடும் என்று நாங்கள் சொல்லவில்லை. பயன் அளவானதே. ஆனால் பேரணியால் கிடைக்கும் பயனைவிட அது மேல். குடியளவை அறிய எங்கள் மனநலப் பிரிவினர் கையாளும் வினாத்தாளும் எளியதே. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய அதில் பத்தே கேள்விகள். மொத்தம் 40 மதிப்பெண். 8-ஐ எட்டினால் பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று பொருள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

நண்பர்களைப் பற்றி ஒரு சொல். 2015 ஜனவரியில், கலிஃபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்தில், நினைவிழந்து கிடந்த ஒரு பெண்ணை மாணவன் ஒருவன் தாக்கிக்கொண்டிருந்தபோது, ஸ்வீடன் நாட்டைச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவர் இருவர் மிதிவண்டியில் அவ்வழியே சென்றனர். அவள் அசைவற்றுக் கிடப்பதைக் கண்டு இறங்கினர், குரல் கொடுத்தனர், ஓடியவனைத் துரத்திப் பிடித்து, காவலர் வரும்வரை வைத்திருந்தனர். வழக்கு நடந்தபோது அந்த மாணவனின் தரப்பு கல்லூரிக் குடிப்பழக்கத்தின் மீது பழியைச் சுமத்தியது. ஷானல் மில்லர் என்று பின்னாளில் தம் பெயரை வெளியிட்ட அப்பெண், தாமும் அன்று குடித்திருந்ததை மறைக்காமலேயே, நடந்ததற்குக் குற்றவாளி மது என்னும் வாதத்தை நீதிமன்றத்தில் தாம் படித்த அறிக்கையில் மறுத்தார். அன்றிரவு குடித்திருந்தோர் பலர். அவர்களுள் அக்குற்றத்தைச் செய்தவன் ஒருவன் என்பதை அவ்வறிக்கை உலகுக்கு உணர்த்தியது.

மிதிவண்டியிலிருந்து இறங்கிய அவ்விருவரும் வீரர்கள் அல்லர். ஏதோ சரியில்லை என்று தோன்றியதும் நின்று பார்த்தவர்கள். பெரும்பாலான வேளைகளில் யாரையும் துரத்திப் பிடிக்கவும் தேவையிராது. கல்விச் சுற்றுலாவின் கடைசி இரவு, பிரிவுபசார விழா, நண்பனின் அண்ணன் திருமணம் — இத்தகைய இடங்களில், குடித்த ஒருவன் தள்ளாடும் ஒரு பெண்ணைத் தனியே அழைத்துச் செல்ல முனையும்போது, “டேய், வார்டன் கூப்பிடுகிறார்” என்று ஒரு பொய் சொன்னாலே போதும். வண்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொள்ளலாம். அப்பெண்ணின் தோழியை அழைத்துவிடலாம். கைபேசியில் படம் பிடிப்பவனிடம் அதை நிறுத்தச் சொல்லலாம். இவற்றைச் செய்வது நண்பனைக் காட்டிக்கொடுப்பதாகாது. இருபது ஆண்டுச் சிறையிலிருந்து நண்பனையும், வாழ்நாள் துயரத்திலிருந்து அப்பெண்ணையும் ஒருங்கே காப்பது. இதனைக் கல்லூரியில் நாடகமாக நடித்துப் பழகச் செய்யும் பயிற்சிகள் பல நாடுகளில் உண்டு. நம் ஊரிலும் நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களில் எளிதாகச் செய்யலாம்.

மாணவியருக்குச் சொல்லப்படும் அறிவுரைகளைக் குறித்து எங்களுக்கு வருத்தம் உண்டு. மாலை ஆறு மணிக்குள் விடுதிக்குத் திரும்பு. துப்பட்டாவைச் சரியாகப் போடு. பையன்களோடு வெளியே போகாதே. அக்கறையால் சொல்லப்படுவன என்பதை அறிவோம். ஆயினும் எதிர்ப்புறத்தில் ஆடவர் விடுதியின் வாயில் இரவு முழுதும் திறந்திருக்கும்போது, தடுப்பு முழுவதையும் பெண்ணின் தோளில் ஏற்றுவது எவ்வகை நியாயம்? தவிர, அப்படி அடைக்கப்பட்ட பெண்ணுக்குத் தீங்கு நேர்ந்தால் அவள் வாய் திறக்கமாட்டாள். ‘சொன்னதைக் கேட்டாயா’ என்ற கேள்வியே முதலில் வரும் என்பது அவளுக்குத் தெரியும். நாங்கள் அவளைக் காண்பது, காண வேண்டிய நாளுக்குப் பல வாரங்கள் கழித்து, உறக்கமின்மைக்கோ நீங்காத தலைவலிக்கோ மருந்து கேட்டு அவள் வரும்போதுதான்.

கல்லூரிப் பையன்கள் இப்படித்தான், இவர்களை மாற்ற முடியாது என்பாரும் உளர். அவர்களுக்கு ராகிங்கை நினைவூட்டுவோம். ஒரு காலத்தில் அது விடுதி வாழ்வின் சடங்காகவே கருதப்பட்டது. ‘கொஞ்சம் கலாட்டா இருந்தால்தான் பழக்கம் ஏற்படும்’ என்று ஆசிரியர்களே சொன்னதுண்டு. 1996-இல் ஒரு மருத்துவ மாணவர் கொலையுண்டபின் தமிழ்நாடு 1997-இல் அதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. பல்கலைக்கழக மானியக் குழு 2009-இல் விதிகள் வகுத்தது. சேர்க்கையின்போதே மாணவரும் பெற்றோரும் உறுதிமொழிப் பத்திரம் தரும் வழக்கம் வந்தது. ராகிங் முற்றும் ஒழிந்துவிட்டது என்று கூறமாட்டோம். ஆனால் அது சடங்கு என்ற நிலையிலிருந்து குற்றம் என்ற நிலைக்கு மாறியது நம் கண்முன்னே நிகழ்ந்தது. இதனை இங்கே குறிப்பிட இன்னொரு காரணமும் உண்டு. ராகிங்கில் வற்புறுத்திக் குடிக்க வைக்கப்படுவோரும், ஆடை களையப்பட்டு அவமானப்படுத்தப்படுவோரும் பெரும்பாலும் ஆண்பிள்ளைகளே. அவர்களுள் பலர் அதனை யாரிடமும் சொல்வதில்லை. தனக்கு நேர்ந்த கொடுமைக்குப் பெயர் வைக்கத் தெரியாதவனுக்கு, தான் பிறருக்குச் செய்வதும் கொடுமை என்று விளங்குவது அரிது.

பெற்றோரிடம் வருவோம். குடிநோய்ச் சிகிச்சையில் இருக்கும் தந்தையர் பலர், “நானே இப்படிக் கிடக்கிறேன், அவனுக்கு என்ன சொல்ல எனக்குத் தகுதி இருக்கிறது?” என்று ஒதுங்கிவிடுகின்றனர். எங்கள் எண்ணம் நேர்மாறானது. குடிநோய் வரும் வாய்ப்பில் ஏறத்தாழ பாதி மரபுவழி வருவது. உங்கள் மகன் மற்றவர் மகனைவிட எளிதில் வழுக்கக்கூடியவன். அதை அவனிடம் சொல்ல உங்களைவிடத் தகுந்தவர் யார்? சொற்பொழிவு வேண்டா. முதல் கோப்பையை எந்த வயதில், யார் தந்தார், அதன்பின் வீட்டில் அம்மாவிடம் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதைச் சொல்லுங்கள். குடித்துவிட்டுத் தாயை அடித்த தந்தை மறுநாள் “நேற்று போதையில் இருந்தேன்” என்று சொன்னதும், வீடு அதை ஏற்றுக்கொண்டதும் அந்தப் பையன் பார்த்து வளர்ந்தவை. அந்தப் பாடத்தைத் திருத்த வல்லவர், அதைக் கற்பித்தவரே. எங்கள் வார்டில் சில தந்தையர் இதைச் செய்யக் கண்டிருக்கிறோம். கட்டிலின் ஓரத்தில் மகனை அமர்த்தி, மனைவியின் முன்னிலையிலேயே, அது போதை செய்தது அன்று, தான் செய்தது என்று சொன்னவர்கள் அவர்கள்.

தாய்மாருக்கு ஒரு வேண்டுகோள். மகன் செய்த தவறு வெளிப்படும்போது முதலில் மறைக்கவே மனம் வரும். மறைப்பதற்கு முன் எதிரே இன்னொரு தாயும் இருக்கிறாள் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி, அவசர நேரத்துக்கான சில செய்திகள். அளவுக்கு மீறிக் குடித்து எழுப்ப முடியாமல் கிடப்பவனை ‘மட்டையாகிவிட்டான், தூங்கட்டும்’ என்று விட்டுவிடலாகாது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாந்தி மூச்சுக்குழலில் சென்று இறப்போர் உண்டு. காபி, மோர், எலுமிச்சைச் சாறு ஆகியவை போதையைத் தெளிவிக்கா. தலையில் தண்ணீர் ஊற்றினால் உடல் சில்லிட்டுப் போகும். மூச்சு மிக மெதுவாகவோ விட்டுவிட்டோ வந்தால், உதடு நீலம் பாய்ந்தால், வலிப்பு வந்தால் 108-ஐ அழையுங்கள். காவலர் வருவார், கல்லூரியில் நீக்கிவிடுவார்கள் என்ற அச்சத்தால் தாமதித்து உயிர் போனதுண்டு.

பாலியல் தாக்குதலுக்கு ஆளானவரை எந்த மருத்துவமனைக்கு அழைத்து வந்தாலும், அரசுடையதோ தனியாருடையதோ, முதலுதவியும் சிகிச்சையும் கட்டணமின்றி உடனே தரப்பட வேண்டும் என்பது சட்டம். காவல் நிலையத்தில் புகார் எழுதிய பின்னரே வர வேண்டும் என்பது இல்லை; காவல்துறைக்குத் தெரிவிப்பது மருத்துவமனையின் கடமை. கருத்தரிப்பைத் தடுக்கும் மாத்திரையும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்தும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட வேண்டும். எவ்வளவு விரைவோ அவ்வளவு நன்று. உடுத்திய துணிகளைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்து வாருங்கள். ஏற்கெனவே குளித்துவிட்டாலும் தயங்காமல் வாருங்கள். ‘இரு விரல் சோதனை’ செய்யலாகாது என்று உச்சநீதிமன்றம் தெளிவாகத் தடுத்திருக்கிறது. யாரேனும் முனைந்தால் மறுக்கலாம். அவர் குடித்திருந்தாரா என்பது சிகிச்சைக்காக மட்டுமே கேட்கப்படும் கேள்வி. மகளிர் உதவி எண் 181. மனநல உதவிக்கு 14416. ராகிங் புகாருக்கு 1800-180-5522.

கல்லூரிச் சேர்க்கைக் காலத்தில் பெற்றோர் வேலைவாய்ப்பு விழுக்காட்டையும் விடுதிச் சாப்பாட்டையும் விசாரிக்கிறார்கள். இவற்றோடு சிலவற்றையும் கேளுங்கள் என்று பரிந்துரைக்கிறோம். உள்ளகப் புகார்க் குழுவின் தலைவர் யார், அவர் பெயர் அறிவிப்புப் பலகையில் இருக்கிறதா? சனிக்கிழமை இரவு விடுதிக் காப்பாளர் விடுதியில் தங்குகிறாரா? குடித்துப் பிடிபட்ட முதலாண்டு மாணவனை நீக்கிவிடுகிறார்களா, ஆலோசகரிடம் அனுப்புகிறார்களா? நீக்குவது எளிது, நீக்கப்பட்டவன் வேறொரு கல்லூரியில் சேர்வான். ஆலோசகர் இல்லாத கல்லூரிகளிலிருந்து மாணவர்களை எங்கள் மனநலப் புறநோயாளர் பிரிவுக்கு அனுப்பலாம், தாமாகவும் வரலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி அவர்கள் கூறுவது மறைவாகக் காக்கப்படும். 18 வயது நிரம்பியவர் கூறியதை அவர் இசைவின்றிக் கல்லூரிக்கோ வீட்டுக்கோ தெரிவிக்கமாட்டோம். அவராலோ பிறராலோ ஓர் உயிருக்கோ உடலுக்கோ தீங்கு நேரும் என்ற நிலை மட்டும் இதற்கு விலக்கு. முதல் வருகையின்போது அந்தப் பத்துக் கேள்விகளோடு தொடங்குவோம்.